டம்டமில் பிறந்த குண்டு

இந்நகரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தினருக்கு டம்டம் என்னும் பெயர் புதிதன்று. சென்னையிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் பெற்றோரையும் மைத்துனரையும் எதிர்கொண்டழைக்க நாம் செல்வது அங்கேதான். 1995ஆம் ஆண்டு முதல் அவ்விமான நிலையம் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் திருப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. கல்கத்தா கொல்கத்தாவாக மாறியதும் உண்மையே. ஆயினும், 'டம்டமுக்குப் போய்வந்தோம்' என்று சொல்வதே நம் வீடுகளில் இன்றும் வழக்கம். இவ்வூரின் பெயர் உலகத்து அகராதிகளில் ஒரு துப்பாக்கிக் குண்டின் பெயராக ஏறியிருப்பதை நம்மவரிற் பலர் அறிவர். அக்குண்டின் வரலாற்றில் யானையும் வேங்கையும் மனிதனும் ஒருங்கே அகப்பட்ட விதத்தை அறிந்தோர் சிலரே. அதனை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க எண்ணுகின்றோம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பெருவிலங்கு வேட்டை என்பது கருமருந்தும் ஈயமும் கொண்டு நடத்திய தொழிலாகும். கருமருந்து குண்டிற்கு அளிக்கும் வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு. வேகத்தைக் கூட்ட இயலாதபோது எடையைக் கூட்டுவதே வழி. இலங்கைக் காடுகளிலும் பின்னர் ஆப்பிரிக்காவிலும் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரும், 1874இல் மைசூர்ச் சீமையில் 'கெட்டா' அமைத்து யானைக் கூட்டத்தைப் பிடித்த சாண்டர்ஸனும் கையாண்ட துப்பாக்கிகள், சிறு பீரங்கிகள் என்னத் தக்கவை. 'நான்கு போர்' என்றால், ஒரு ராத்தல் ஈயத்தை நான்கு உருண்டைகளாக்கி, அவற்றில் ஒன்று அக்குழலுக்குச் சரியாகப் பொருந்தும் என்பது பொருள். கால் ராத்தல் ஈயம்! சுட்டவர் தோள் என்னவாயிருக்கும் என்பதை வாசகர் ஊகத்திற்கே விடுகின்றோம்.

இவ்வளவு எடை எதற்கு? யானையின் மூளை, அதன் பெருந்தலையோடு ஒப்பிட மிகச் சிறியது. தலையின் பிற்பகுதியில் ஒதுங்கிக் கிடப்பது. அதற்கு முன்னே தேனடை போன்று அறை அறையாக அமைந்த எலும்பு நிறைந்திருக்கும். மென்மையான ஈயக் குண்டு அவ்வெலும்பினுள் நசுங்கி நின்றுவிடும். அதனாலேயே ஈயத்தோடு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து, அதனைக் கடினமாக்கி வார்த்தார்கள். இதற்கு நேர்மாறாக, மான், புலி முதலியவற்றிற்கென 'எக்ஸ்பிரஸ்' என்னும் துப்பாக்கிகள் தோன்றின. இவற்றின் குண்டு எடை குறைந்தது, வேகம் மிக்கது, நுனியிற் குழிவுடையது. மென்தோல் விலங்கினுள் அது விரிந்து உடனே வீழ்த்தும். காட்டெருது போன்ற திண்ணிய உடலில் பட்டாலோ மேலேயே சிதறிப் புண்ணை மட்டும் உண்டாக்கும்.

பின்னர்ப் புகையில்லா மருந்து வந்தது. 1888இல் ஆங்கிலப் படை லீ-மெட்போர்டு ரைபிளை ஏற்றது. அதற்கு முன்னிருந்த மார்ட்டினி-ஹென்றியின் குண்டு 0.45 அங்குலக் குழலுக்குரியது; 480 கிரெயின், அதாவது ஏறத்தாழ 31 கிராம் எடையுள்ளது. புதிய குண்டோ 0.303 அங்குலம்; 215 கிரெயின், ஏறக்குறைய 14 கிராம். வேகம் மிகுந்தமையால் வெறும் ஈயம் குழலின் வரிப்பள்ளங்களில் உராய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஈயத்தைச் செம்பு-நிக்கல் உறையால் முழுவதும் மூடினர். உறையிட்ட குண்டு உருக்குலையாது. உடலைத் துளைத்து மறுபுறம் சென்றுவிடும்.

1895ஆம் ஆண்டுச் சித்ரால் போரில், இக்குண்டு பட்டும் எல்லைப்புற வீரர்கள் வீழாது முன்னேறினர் என்று படையினர் குறைகூறினர். டம்டம் ஆயுதசாலையின் தலைவர் கேப்டன் நெவில் பெர்டி-கிளே அதற்கு ஒரு மாற்றுக் கண்டார். நுனியில் உறையைச் சிறிது விட்டு ஈயம் வெளித்தோன்றச் செய்தார், அவ்வளவே. உடலிற் புகுந்தவுடன் அந்நுனி காளான்போல் விரியும். இதில் புதுமை அதிகமில்லை என்பதே நம் கருத்து. வேட்டைக்காரர் நெடுநாள் அறிந்திருந்த உத்தி போர்க்களத்திற்கு வந்தது. புலிக்கு உரியதை மனிதனுக்கு ஆக்கினர். 1897-98இல் திரா மலைநாட்டில் அது பயன்பட்டது.

ஐரோப்பாவில் கண்டனம் எழுந்தது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் புரூன்ஸ் சோதனைகள் செய்து, காயங்களின் கொடுமையை எழுதினார். அவர் சோதித்தது ஈயம் மிகுதியாக வெளித்தோன்றிய வேட்டைக் குண்டே, டம்டம் குண்டன்று என ஆங்கிலேயர் மறுத்தனர். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால், 1899இல் ஹேக் மாநாட்டில் அவர்கள் சார்பில் சர் ஜான் ஆர்டா கூறிய வாதத்தை அவ்வாறு ஏற்க இயலவில்லை. நாகரிக நாட்டுப் போர்வீரன் காயம்பட்டதும் ஒதுங்கிவிடுவான். காட்டுமிராண்டியோ பாய்ந்து வருவான். எனவே அவனுக்கு இக்குண்டு வேண்டும் என்பது அதன் சாரம். மனிதனை வேட்டை விலங்கின் வரிசையில் நிறுத்திய பேச்சு அது. அவ்வாண்டு ஜூலை 29ஆம் நாள், விரியும் குண்டுகளைப் போரில் விலக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. பிரிட்டன் அதில் சேர்ந்தது 1907இல்தான்.

அதே 1907இல் இந்தியாவில் வேறொரு தடையும் பிறந்தது. எல்லைப்புறத்தாரிடம் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகள் மலிந்திருந்தன. வேட்டைக்காரரின் 0.450 குண்டு அவற்றிற்கு உதவிவிடும் என்றஞ்சி, அவ்வளவுள்ள ரைபிளையும் தோட்டாவையும் அரசாங்கம் விலக்கியது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சளைத்தாரில்லை, 0.465, 0.470 என நூலிழை மாற்றிப் புதிய அளவுகளைப் படைத்தனர். யானை வேட்டையில் புகழ்பெற்ற அவ்வளவுகள் யானைக்காக அன்றி, அரசின் அச்சத்துக்காகப் பிறந்தவை!

பெருவிலங்குக்குப் பெருங்குண்டே வேண்டுமா என்னும் வழக்கும் அக்காலத்தில் முற்றியது. ஆப்பிரிக்காவில் பெல் என்பவர் 0.275 அங்குலச் சிறு ரைபிளில், முழுதும் உறையிட்ட குண்டைக் கொண்டே நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார். அவர் யானை மண்டையோட்டை வாளால் அறுத்து, மூளையின் இருப்பிடத்தைக் கற்றவர். அக்கல்வி இல்லாதவர் அவரைப் பின்பற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

தவறான குண்டின் விலையைக் குமாவூன் மலைநாட்டு மக்கள் அறிவர். சம்பாவத் பெண்புலியை ஜிம் கார்பெட் 1907இல் கொன்றார். அதன் வலப்புறக் கோரைப்பற்களுள் மேற்பல் பாதி முறிந்திருந்தது. கீழ்ப்பல் எலும்புவரை சிதைந்திருந்தது. எவரோ முன்பொருநாள் சுட்டு, கொல்லாமல் விட்ட காயம் அது. இயற்கையான இரையைப் பிடிக்க மாட்டாமல் அப்புலி மனிதரைப் பிடித்தது. அதற்கு இரையானோர் 436 பேர் என்று கார்பெட் எழுதினார். சுட்டவரின் பெயர் எந்நூலிலும் இல்லை. குண்டு விரிந்து சிதறியதோ, விரியாமல் ஊடுருவியதோ, குறியே பிழைத்ததோ, அதுவும் இல்லை. நேபாளத்திலும் குமாவூனிலும் புல்லறுக்கவும் சுள்ளி பொறுக்கவும் போன பெண்டிர் திரும்பி வராமற் போனதே எஞ்சியது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கதையை முடித்தது. பிற நாடுகளில் அது முடியவில்லை. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மானைச் சுடுவோர் மென்நுனி அல்லது குழிநுனிக் குண்டையே கையாள வேண்டுமெனப் பணிக்கின்றது. உறையிட்ட குண்டு மானைத் துளைத்துச் சென்று, அது புதரில் கிடந்து நெடுநேரம் துடிக்கக் கூடாதே என்பதற்காக. போரில் மனிதன்மேல் ஏவலாகாது என்று விலக்கிய அதே குண்டு, மானுக்குக் கருணையென்று கட்டாயமாகியிருக்கின்றது. இவ்விரண்டில் எது பொருந்தும், எது பொருந்தாது என்று நம் சங்கத்து இளைஞர்கள் ஒரு மாலை வாதிட்டால் நாம் மகிழ்ந்து கேட்போம்.

டம்டமுக்கு வேறொரு தோட்டாக் கதையும் உண்டு. 1857 ஜனவரியில், தண்ணீர்ச் செம்பு கேட்டு மறுக்கப்பட்ட தொழிலாளி ஒருவன், புதிய என்பீல்டு தோட்டாக்களில் பூசிய கொழுப்பைப் பற்றி ஒரு பிராமணச் சிப்பாயிடம் ஏளனமாகச் சொன்னது அவ்வூரிலேதான். அதிலிருந்து எழுந்த பெருந்தீயை நாம் பள்ளியிலேயே படித்திருக்கின்றோம். ஆயுதத் தொழிற்சாலை இன்றும் அங்கே இருக்கின்றது. அதற்கு அப்பால் விமானங்கள் இறங்குகின்றன.