மருந்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

கனகம்மாசத்திரத்தில் எங்கள் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் மாத்திரையில் வந்து நிற்கும். பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு. அதெல்லாம் அசல்தானா என்ற சந்தேகமும் கூடவே வரும். அந்தச் சந்தேகத்துக்கு வயது நம்மைவிட அதிகம்.

வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே தரமில்லாத கொயினா போன்ற மருந்துகளைப் பற்றிப் புகார் கிளம்பி, 1930ல் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் விசாரணைக் குழு போட்டார்கள். மறு வருடமே அறிக்கை வந்தது. சட்டம் வர 1940 ஆயிற்று. அட்டையில் இன்று நாம் பார்க்கும் பேட்ச் எண், உரிம எண், காலாவதி தேதி எல்லாம் அந்தச் சட்டத்தின் வழியில் வந்தவைதான்.

நம் மாநிலத்தில் 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கினார்கள். அரசு ஆஸ்பத்திரி மருந்துகளில் தனி முத்திரை, ஒவ்வொரு பேட்சுக்கும் ஆய்வகச் சோதனை, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக். எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு மருந்து எடுத்தது என்பது அதில் ஏறிவிடும்.

தனியார் கடைச் சரக்குக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 2010ல் சென்னையில், காலாவதியான மருந்துகளுக்குத் தேதியை மாற்றி மறுபடி விற்ற கும்பல் பிடிபட்டது நினைவிருக்கும். அட்டையில் அச்சடித்ததை அழித்து, வேறு தேதி அச்சடிக்கவும் முடியும் என்று ஊருக்கே தெரிந்தது.

இதற்குத்தான் இப்போது 'பிளாக்செயின்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊர்க் கணக்கு கர்ணத்திடம் மட்டும் இருந்தது; அவர் திருத்தினால் திருத்தியதுதான். அதே கணக்கின் நகல் கம்பெனி, மொத்த வியாபாரி, மருந்துக் கடை, ஆஸ்பத்திரி எல்லாரிடமும் இருந்தால்? ஒவ்வொரு பதிவிலும் முந்தைய பதிவின் அடையாளம் சேர்ந்திருக்கும். ஒருவர் திருத்தினால் மற்றவர் நகல் காட்டிக் கொடுத்துவிடும். 2018ல் நிதி ஆயோக், ஆரக்கிள், அப்போலோ, ஸ்ட்ரைட்ஸ் நிறுவனங்களோடு இதைச் சோதித்துப் பார்க்க ஒப்பந்தம் செய்தது.

நம் கைக்கு வந்து சேர்ந்தது எளிய வடிவம். 2023 ஆகஸ்ட் 1 முதல், அதிகம் விற்கும் 300 மருந்துகளின் அட்டையில் கியூஆர் கோடு கட்டாயம். பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் தயாரித்த கம்பெனி, பேட்ச் எண், காலாவதி தேதி எல்லாம் வந்துவிடும்.

ஆனால் கணக்குப் புத்தகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2025ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது, நம்மூரைப் போலவே சத்திரப் பெயர் கொண்ட சுங்குவார்சத்திரத்தில். அது போலி மருந்தல்ல; உரிமம் பெற்ற ஆலையில், சொந்தப் பெயரில் தயாரானது. தமிழக அரசின் ஆய்வகம் சோதித்தபோது டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. கோடு அது எங்கிருந்து வந்தது என்று சரியாகவே சொல்லியிருக்கும். உள்ளே இருப்பது என்னவென்று சொல்லியிருக்காது. அதற்கு ஆலைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரியும், சோதித்துப் பார்க்கும் ஆய்வகமும் வேண்டும்.

நம்மால் முடிந்தது ஒன்றுண்டு. மாத்திரையை வெட்டி வாங்கும்போது தேதியும் பேட்ச் எண்ணும் கடைக்காரர் கையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குங்கள். பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.