பவ்பஜார் வீதியின் அறிவியல் சொற்பொழிவுகள்

கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) பொதுமக்களுக்கு அறிவியலைச் சொற்பொழிவுகள் வழியாகவும் செய்முறைகள் வழியாகவும் கற்பிக்கத் தொடங்கப்பட்ட அமைப்பு இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் இதனை 1876 ஜூலை 29 அன்று நிறுவினார். பவ்பஜார் வீதி 210-ஆம் எண் கட்டடத்தில் இது இயங்கியது.

அக்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. கருவிகளைத் தொட்டுச் சோதனை செய்து பார்க்கும் வாய்ப்பு இந்திய மாணவர்களுக்கு அரிதாகவே கிட்டியது. லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனைப் போன்ற ஓர் அமைப்பு வேண்டுமென்று சர்க்கார் 1869-லேயே எழுதினார். அது இந்தியர்களின் பணத்தில், இந்தியர்களின் நிர்வாகத்திலேயே நடைபெற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கழகத்தின் தொடக்ககாலச் சொற்பொழிவாளர்களில் முக்கியமானவர் புனித சேவியர் கல்லூரியின் பாதிரியார் யூஜின் லாஃபோன். ஜகதீஷ் சந்திர போஸின் ஆசிரியரான இவர், புதிய கருவிகளை அவையோர் முன் இயக்கிக் காட்டி இயற்பியலை விளக்கினார். விஜயநகரம் மகாராஜாவின் கொடையால் ஓர் ஆய்வுக்கூடமும் அமைந்தது. ஆனால் முழுநேரப் பேராசிரியர்களை அமர்த்தத் தேவையான நிதி திரளவில்லை. சொற்பொழிவு கேட்க ஆட்கள் வந்தனர். ஆய்வு செய்ய எவரும் முன்வரவில்லை. தம் முயற்சி தோற்றது என்ற மனத்தளர்வுடனேயே சர்க்கார் 1904-ல் காலமானார்.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியது. நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்த 18 வயது சி. வி. ராமன், கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே சென்றார். கருவிகளைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. அலுவலகம் செல்வதற்கு முன்பும், திரும்பிய பின்பும் அங்கே ஆய்வு செய்தார். பொதுச் சொற்பொழிவுகளும் ஆற்றினார். 1917-ல் அதிக ஊதியம் தந்த அரசுப் பணியைத் துறந்து பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அதன் பின்னரும் கழகமே அவரது ஆய்வுக்களமாக இருந்தது. 1920-களில் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் அவருடன் இணைந்தார். ஒளி திரவங்களின் ஊடாகச் செல்லும்போது சிதறும் ஒளியின் ஒரு பகுதி நிறம் மாறுவதை எளிய கருவிகளைக் கொண்டே அவர்கள் கண்டனர். 1928 பிப்ரவரி 28 அன்று உறுதிசெய்யப்பட்ட இந்த ராமன் விளைவுக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பள்ளிகளும் ஆய்வு நிறுவனங்களும் பொதுச் சொற்பொழிவுகளையும் கண்காட்சிகளையும் நடத்துகின்றன. அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்ப்போருக்கான தேசிய விருதுகளும் பல ஆண்டுகள் அந்நாளில் வழங்கப்பட்டன. ராமனின் கண்டுபிடிப்பை நினைவுகூரும் நாளாயினும், அன்று நடப்பவை பெரும்பாலும் சர்க்கார் 1876-ல் தொடங்கிவைத்த பணிகளே.