ஆய்ச்சியர் வட்டமும் வடபுலத்து இசையும்

வடபுலத்தார் பூபாளி என்பர். தென்னகத்தார் மோகனம் என்பர். ஐந்தே சுரங்கள், இரு புறமும் அவையே. அவர்க்கு மால்கௌன்ஸ், நமக்கு இந்தோளம். அவர்க்கு துர்கா, நமக்கு சுத்தசாவேரி. அவர்க்கு யமன், நமக்குக் கல்யாணி. பெயர் மாறினும் சுரம் மாறவில்லை.

ஆனால் பெயரை மட்டும் நம்பிப் போனவர் ஏமாறுவர். வடக்கே 'இந்தோல்' என்றொரு இராகம் உண்டு; அது நம் இந்தோளம் அன்று. நம் பூபாளத்துக்கும் அவர்தம் பூபாளிக்கும் பெயரில்தான் உறவு, ஒலியில் இல்லை. அவர்கள் தோடி என்பது நம் சுபபந்துவராளிக்கு ஒத்தது. நம் தோடியின் ஏழு சுரங்களையோ, அவர்கள் பைரவி என்று வழங்குகின்றனர். நம் பைரவி வேறு. ஒரே ஊரில் இரண்டு முருகன், இரண்டு கந்தன் இருந்தால் கடிதம் கொண்டுவருபவர் படும் பாடுதான்!

இந்தக் குழப்பம் நமக்குத் தொலைவில் நிகழ்வதன்று. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. அந்நாட்டை 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள், தென்னக முறையில் கீர்த்தனைகள் இயற்றியவர். வடபுலத்து துருபத், கியால், டப்பா வடிவங்களில் இந்தியிலும் பாடல் புனைந்தவர். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அவர் அவையை அணிசெய்தார். வடபுலத்து இசைவாணரும் அங்கே இருந்தனர். தெற்கும் வடக்கும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று கேட்டன.

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு நம் குமரி மாவட்டத்திலிருந்து, பத்மநாபபுரத்துக் கலைமகளும் வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்கின்றனர். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் வடமொழியில் இயற்றிய ஒன்பது பாடல்கள், நாளுக்கொன்றாக, வரையறுத்த இராகங்களில் பாடப்படும். நான்காம் நாள் தோடி. ஐந்தாம் நாள் பைரவி. வடபுலத்து இசைவாணர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தால், நான்காம் நாளிலேயே, "இவை பைரவியின் சுரங்கள் ஆயிற்றே!" என்று வியந்திருப்பார்.

அந்தத் தோடிக்கு இவ்விரு பெயரினும் பழைய பெயர் ஒன்று உண்டு. விளரிப்பாலை என்று அதனை இனங்காண்கின்றனர் தமிழிசை ஆய்வாளர். 1917இல் கருணாமிர்த சாகரம் தந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதரும், 1947இல் யாழ் நூல் தந்த விபுலானந்த அடிகளும் சிலப்பதிகாரத்தைத் துருவித் துருவி ஆராய்ந்து தமிழ்ப் பண்களின் இயல்பைத் தேடியவர்கள்.

சிலம்பின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி என்ன செய்கிறாள்? ஏழு இளம்பெண்களை வட்டமாக நிறுத்துகிறாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு நரம்பின் பெயர்களை அவர்களுக்குச் சூட்டுகிறாள். குரவையை நடத்தியவள் அரண்மனைப் புலவனல்லள். மோர் விற்று வாழ்ந்த இடைக்குல மூதாட்டி!

நாமும் நம் வகுப்பிலே ஏழு சிறுமியரை வட்டமாக நிறுத்திப் பார்த்தோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரம். முதலில் குரலைத் தொடக்கமாகக் கொண்டு வரிசையாகப் பாடச் செய்தோம். செம்பாலை, அதாவது அரிகாம்போதி பிறந்தது. யாரையும் இடம் மாற்றாமல், யாருடைய ஒலியையும் மாற்றாமல், தொடங்குபவளை மட்டும் மாற்றினோம். துத்தம் தொடங்கினால் நடபைரவி. உழை தொடங்கினால் சங்கராபரணம். இளி தொடங்கினால் கரகரப்பிரியா. விளரி தொடங்கினால் தோடி. தாரம் தொடங்கினால் கல்யாணி. கைக்கிளை மட்டும் முரண்டு செய்யும். அதில் பஞ்சமம் வாய்க்காமல் மத்திமம் இரண்டாகிவிடும்.

இனி வடக்கே திரும்புவோம். அங்குள்ள இராகங்களைப் பத்துத் 'தாட்'டுகளாக வகுத்தவர் பாத்கண்டே (1860 - 1936). அப்பத்தில் கமாஜ், ஆசாவரி, பிலாவல், காபி, பைரவி, கல்யாண் ஆகிய ஆறும் மேலே சொன்ன ஆறின் சுரங்களையே உடையவை. பத்தில் ஆறு அந்தச் சிறுமியர் வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன! பாத்கண்டே 1904இல் தென்னகம் வந்தார். நமக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைக் கண்டு உரையாடினார். வேங்கடமகி வகுத்த எழுபத்திரண்டு மேளக் கணக்கை அறிந்து போற்றினார். தெற்கின் கணக்கு வடக்கின் வகுப்புக்கு வழிகாட்டியது.

ஆகவே எல்லாம் இங்கிருந்து சென்றதே என்று முழங்கலாமா? அது ஆராய்ச்சியாகாது. தொடக்கத்தை மாற்றிப் புதுப்பண் காணும் நுட்பத்தைக் கிரேக்கரும் அறிந்திருந்தனர். சுரம் ஒன்றானாலும் பண் ஒன்றாகிவிடாது என்பதையும் மறத்தலாகாது. வடக்கிலேயே பூபாளியும் தேஷ்காரும் அதே ஐந்து சுரங்களைக் கொண்டவை. ஆயினும் நடையால் வேறுபட்டவை. நம் கல்யாணியில் சுரங்கள் அசைந்து குழைகின்றன. யமனில் பெரிதும் நின்று நீள்கின்றன. கொடுக்கல் வாங்கலும் இருபுறமும் நடந்தது. அம்சத்வனியும் ஆபோகியும் இங்கிருந்து சென்றன. பெகாக் அங்கிருந்து வந்தது. வடபுலத்து இசையரசர் அப்துல் கரீம் கான் தியாகராசர் பாடலைக் கற்று இசைத்தட்டில் பாடினார். அவர் 1937இல் உயிர்நீத்ததும் தமிழ் மண்ணில், சிங்கப்பெருமாள் கோவில் இரயில் நிலையத்தில்.

இராகங்கள் எல்லை கடந்தன, மதம் கடந்தன, மொழி கடந்தன. கடக்க முடியாமல் கிடந்தது ஒன்று. ஏழு நரம்பையும் ஏழு பெண்களாகவே கண்டது சிலம்பு. கலைமகள் என்னும் பெண் தெய்வத்தையே யானைமேல் ஏற்றிக் கொண்டுசெல்லும் நவராத்திரி மண்டபத்திலோ, பெண் பாடக்கூடாது என்பது தலைமுறை தலைமுறையாக வழக்கமாக இருந்தது. பாடுபவள் பெண்ணாயிருக்கலாகாதாம்! குமரி எல்லையைத் தாண்டினால் கூப்பிடு தொலைவிலுள்ள பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள் என்னும் இசையரசி, தம் எண்பதாம் வயதை எட்டியிருந்த காலத்தில், 2006இல் அம்மண்டபத்தில் அமர்ந்து பாடினார். அங்கே பாடிய முதற்பெண் அவரே.