இதயக் கதவும் இழைவலையும்

காஞ்சிமாநகரின் தறியொலி கேட்டு வளர்ந்த மாணவர்களுக்கு இழையின் ஆற்றலை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய இழை இதய நோய்க்கும் துணைநின்ற வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைப் புறக்கணித்தால், சில சிறுவர்க்கு ருமாட்டிக் காய்ச்சல் தோன்றி இதயத்தைத் தாக்கும். நாளடைவில் இதயத்தின் ஈரிதழ் வால்வு, இதழ்கள் ஒட்டிக் குறுகும், மூச்சுத் திணறும்.

காஞ்சிக்கு மேற்கே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் டாக்டர் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே மருத்துவர்கள் மார்பைத் திறந்து, துடிக்கும் இதயத்துள் விரலையோ கருவியையோ செலுத்தி இதழ்களைப் பிரித்தனர். 1956 முதல் 1980 வரை இவ்வாறு சிகிச்சை பெற்றோர் 3,724 பேர்.

1982இல் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே மார்பைத் திறவாமலே அப்பணியை முடித்தார். தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குச் செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனை விரித்தார். வெறும் ரப்பர் கட்டின்றிப் பெருத்தால் வால்வு கிழியுமன்றோ? ஆதலின் இரு ரப்பர்ப் படலங்களுக்கிடையே நுண்ணிய இழைவலையைப் பொதிந்தார். பலூன் முதலில் முன்னும், அடுத்துப் பின்னும் விரிந்து, உடுக்கைபோல் வால்வைப் பற்றிக்கொள்ளும். இறுதியில் இடை விரிந்து இதழ்களைப் பிரிக்கும். எல்லை வகுப்பது இழையே.

ஆயினும், வடுப்பட்ட இதழைப் பலூன் புதிதாக்காது. தொண்டை நோகும்போதே மருத்துவரை நாடி, அவர் விதிக்கும் பெனிசிலினை முறையாகப் பெறுவதே முதற்காப்பு என்பதை மறவாதீர்.