லெட்ஜர் எழுதத் தெரிந்தவளுக்குக் கடன் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாக்பூர் வெயிலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. கூலர் முன்னால் உட்கார்ந்து இணையத்தில் பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர் படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பி.காம் படித்துக்கொண்டே சாயங்காலம் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் தட்டியவர்களுக்கு இந்த வியாதி உண்டு. தேடப்போன இடத்தில் கிடைத்தது, 1950களில் வந்த ஓர் அமெரிக்க உயர்நிலைப்பள்ளியின் ஆண்டுமலர்.

ஒரு பக்கத்தில் டைப்பிங் வகுப்பு. வரிசையாக மெஷின்கள், முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்த பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள். அடுத்த பக்கத்தில் ஹோம்மேக்கிங் வகுப்பு. அடுப்பு, சிங்க், மேஜை என்று வகுப்பறைக்குள்ளேயே குட்டிக் குட்டிச் சமையலறைகள், ஏப்ரன் கட்டிய பெண்கள். உற்றுப் பார்த்தால் இரண்டு படத்திலும் சில முகங்கள் ஒன்றுதான். அந்த முகங்களை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் டைப்பிங் அறை. டைப்பிங், சுருக்கெழுத்து, புக்கீப்பிங், வணிகக் கணிதம் எல்லாம் சேர்ந்தது அவர்களுடைய பிசினஸ் கல்வி. நமக்குப் பிட்மன் என்றால் அவர்களுக்கு கிரெக். ஜான் ராபர்ட் கிரெக் 1888-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் தன் முறையை வெளியிட்டு, 1893-ல் அமெரிக்கா போனவர். பிட்மனில் கோடு மெலிந்தால் ஓர் ஒலி, தடித்தால் இன்னொன்று. கிரெக்கில் அந்தத் தொல்லை இல்லை, கையெழுத்து போல ஓடும். 1949-ல் அதையும் எளிமையாக்கி ஒரு பதிப்பு கொண்டுவந்தார்கள். காரணம் இருந்தது. 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்குப் போன அமெரிக்கப் பெண்கள் மிக அதிகமாகப் பார்த்த வேலை ஸ்டெனோ, டைப்பிஸ்ட், செக்ரட்டரி வேலைதான்.

புக்கீப்பிங்கில் எனக்குப் பொறாமை வந்த விஷயம் 'பிராக்டிஸ் செட்'. ஒரு கற்பனைக் கடை. அதன் இன்வாய்ஸ், காசோலை, ரசீது எல்லாம் மாதிரித் தாள்களாகக் கையில் வரும். ஜர்னல் எழுதி, லெட்ஜரில் பதிந்து, டிரையல் பேலன்ஸை டேலி செய்து, பேலன்ஸ் ஷீட் வரை கொண்டுபோக வேண்டும். நான் மூன்று வருஷம் பி.காம் படித்தும், ஒரு வவுச்சரைக் கண்ணால் பார்த்தது வங்கியில் சேர்ந்த பிறகுதான்!

அடுத்தது அந்தச் சமையலறை. இதைக் கேலியாக நினைக்க வேண்டாம். ஹோம் எகனாமிக்ஸுக்கு அடித்தளம் போட்ட எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய முதல் பெண் (1873). குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் சோதித்த கை அது. 1899-ல் லேக் பிளாசிடில் தொடங்கிய மாநாடுகளின் பலனாக 1908-ல் இந்தத் துறைக்குத் தேசிய அளவில் ஒரு சங்கம் பிறந்தது. 1917-ல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்து விவசாயம், தொழிற்பயிற்சி, ஹோம் எகனாமிக்ஸ் மூன்றுக்கும் பள்ளிகளில் மத்திய அரசு மானியம் கிடைத்தது. அலுவலகப் படிப்புக்கு அந்தக் கதவு முறையாகத் திறந்தது 1963-ல்தான்.

1945-ல் மாணவிகளுக்காக 'ஃப்யூச்சர் ஹோம்மேக்கர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். நிறப்பிரிவினை இருந்த பள்ளிகளின் கறுப்பின மாணவிகளுக்கு அதே வருஷம் தனிச் சங்கம். இரண்டும் ஒன்றானது 1965-ல். தோசைக்கல்லுக்கும் அங்கே தீட்டு இருந்திருக்கிறது.

பாடம் சமையல், தையலோடு நிற்கவில்லை. சத்துணவு, குழந்தை வளர்ப்பு, குடும்ப பட்ஜெட் எல்லாம் உண்டு. வருமானத்தில் வாடகைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று பிரித்துப் போடப் பழக்கினார்கள்.

ஆக, ஒரே பெண். ஒரு பீரியடில் கடைக் கணக்கு, இன்னொரு பீரியடில் வீட்டுக் கணக்கு. இவளைவிடப் பொறுப்பான வாடிக்கையாளர் எந்த வங்கிக்குக் கிடைப்பார்? அங்கேதான் வேடிக்கை.

அந்தப் பெண் படித்து, மணமாகி, வேலைக்கும் போய், கடன் கேட்டு வங்கிக்கு வந்தால் கணவர் கையெழுத்து எங்கே என்று கேட்பது அங்கே சர்வசாதாரணம். வீட்டுக்கடன் என்றால் மனைவியின் சம்பளத்தைப் பாதியாக எடுத்துக்கொள்வார்கள், அல்லது கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். பிள்ளை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாளாம்! 1974-ல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வந்த பிறகுதான் பெண் என்பதற்காகவோ மணமானவள் என்பதற்காகவோ கடனை மறுப்பது சட்டவிரோதமானது. 1972-ன் டைட்டில் ஒன்பது சட்டமும் அதன் 1975 விதிகளும், பையனுக்குப் பட்டறை, பெண்ணுக்குச் சமையல் என்று வகுப்பைப் பிரிப்பதை நிறுத்தச் சொன்னன.

இதில் ஒரு சுவாரசியம். ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 1950களின் நடுவில், 'நாளைய இல்லத்தரசி' யார் என்று பள்ளி மாணவிகளுக்கு பெட்டி க்ராக்கர் பெயரில் ஒரு போட்டி தொடங்கியது. சமைத்துக் காட்ட வேண்டாம், எழுத்துத் தேர்வுதான். 1960களில் அதில் பரிசு வாங்கியவர்களில் ஒருவர் ஓக்லஹோமாவின் எலிசபெத் வாரன். பின்னாளில் திவால் சட்டப் பேராசிரியராகி, குடும்பங்கள் ஏன் கடனில் மூழ்குகின்றன என்று ஆராய்ந்து, 2010-ல் சட்டமான நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்புக்கு யோசனை சொன்னவர். வங்கிக்காரர்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஓர் அம்மா ஞாபகம் வந்தார். நம்ம ஊர்க்காரர். முப்பது வருஷம் பள்ளியில் அக்கவுண்டன்சி எடுத்த டீச்சர். கணவர் தவறிய பிறகு ஒரு மஞ்சள் பையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "எது எங்கே இருக்குன்னே தெரியல சார். எல்லாம் அவர்தான் பார்த்துப்பார்." அமெரிக்காவில் சட்டம் போட்டுத் திறக்க வேண்டியிருந்த கதவை, இங்கே நாம் அன்பாகவே சாத்தி வைத்திருக்கிறோம். ஊர்விட்டு ஊர் வந்து, பக்கத்தில் அண்ணன் தம்பி யாரும் இல்லாத நம்மைப் போன்ற வீடுகளில் அதன் விலை இன்னும் அதிகம்.

ஊருக்கு உபதேசம் இருக்கட்டும், என் வீடு? என் மனைவியும் பி.காம்தான். மார்க் என்னைவிட அதிகம். அன்று ராத்திரியே கணக்கு, இன்சூரன்ஸ், நாமினி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் புரட்டிவிட்டுக் கேட்டாள்:

"இந்த எஃப்.டி. மார்ச்சிலேயே முடிஞ்சிடுச்சே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை.