பரிசிலும் குறியெதிர்ப்பையும்: புறநானூற்றில் நன்றிக்கொடை

சங்ககாலக் கொடை பற்றி இதுகாறும் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கொடுத்தவர்களின் புகழையே பேசுகின்றன. முல்லைக்குத் தேரீந்த பாரியும் மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் மேடைகளுக்கும் பாடநூல்களுக்கும் உரியவராயினர். 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தமை இப்போக்குக்குப் புதிய ஊட்டம் தந்தது. இப்பாடல்களை வீரயுகச் சமுதாய அமைப்பினுள் வைத்து நோக்கும் முறையைக் க. கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு ஆங்கில நூல் வலுவாக நிறுவியது. எனினும் ஒரு வினா போதிய கவனத்தைப் பெறவில்லை: பரிசில் பெற்றோர் அதனை என்ன செய்தனர்?

பரிசில் கண்மூடித்தனமாக வழங்கப்படவில்லை. பொருநராற்றுப்படையிற் கரிகாலன், ஈரும் வேர்வையும் பற்றிய பொருநனின் கந்தலை நீக்கி மெல்லிய ஆடை உடுத்துவிக்கிறான்; பெறுபவனின் தேவை அங்கு கண்டறியப்படுகிறது. ஆயின், தேவை மட்டுமே அளவுகோலன்று. கொடுத்தல் எளிது, வரிசை அறிதலே அரிது என்று மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் கூறும் பாடல் (புறம் 121), புலவரை எல்லாம் ஒன்றாக நோக்குவதைக் கைவிடும்படி கேட்கிறது. பெருஞ்சித்திரனாரோ, அதியமான் தம்மை நேரிற் காணாது அனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்து, தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்கிறார் (புறம் 208); தகுதி அறிந்து அளிப்பின் தினையளவும் போதுமாம். இதனைப் புலவரின் தன்மானம் என்று மட்டும் பாராட்டிவிட்டு நகர்வது நமது வழக்கம். உண்மையில், பரிசில் ஒரு சமூக உறவு; முகம் நோக்காது கொடுக்கப்படும்போது அது வெறும் கூலியாகிவிடும் என்ற அச்சமே இங்கு ஒலிக்கிறது. அதேவேளை, வரிசை என்னும் சொல்லிலேயே உயர்வு தாழ்வு படிந்திருப்பதையும் மறைப்பதற்கில்லை.

இதே பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற செல்வத்துடன் வீடு திரும்பி மனைவிக்குக் கூறுவது (புறம் 163) முற்றிலும் வேறானதோர் உலகைக் காட்டுகிறது. அவளை நேசித்தோர், அவளால் நேசிக்கப்பட்டோர், சுற்றத்து மூத்த பெண்கள், குடும்பத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோர் ஆகிய அனைவர்க்கும் கொடு என்கிறார். இன்னார்க்கு என்று பார்க்க வேண்டாம். தம்மைக் கேட்கவும் வேண்டாம். வைத்து வாழ்வோம் என்று எண்ணவும் வேண்டாம். வரிசை அறியுமாறு வேந்தரிடம் கோரும் புலவர் மரபு, வீட்டு வாசலில் வரிசையையே கைவிடுகிறது!

குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பிக் கொடுக்கும் கைமாற்று. உப்பின்றிக் கீரை அவித்துண்ட இவ்வீட்டின் வறுமையை அவரது மற்றொரு பாடல் (புறம் 159) விவரிக்கிறது. அந்நாள்களிற் குடும்பத்தைக் காத்தது எந்த வள்ளலுமன்று; அயல்வீட்டுப் பெண்களின் நாழியே எனலாம். புலவர் பரிசில் தேடி ஊரூராய்த் திரிந்த காலமெல்லாம் இக்கைமாற்றே அவர் மனையை நிலைநிறுத்தியது. நன்றிக்கடன் யாருக்கு உரியது என்பதில் அவருக்கு ஐயமில்லை; பங்கிடும் அதிகாரத்தையும் கடன்பட்டவளான மனைவியிடமே விடுகிறார். குமணனின் வளமோ மலைபடு பொருள், ஆநிரை, திறை என்பவற்றின் மீது எழும் தலைவர் செல்வ வகையைச் சார்ந்தது. பிறரது உழைப்பிலிருந்து மேலே திரண்டதில் ஒரு பகுதி, பாட்டின் வழியாகக் கீழே மீள்கிறது.

இச்சொல் பின்னர் திருக்குறளில் (221) வேறொரு மதிப்பைப் பெறுகின்றது. வறியார்க்கு ஈவதே ஈகை, ஏனைய யாவும் குறியெதிர்ப்பைத் தன்மையன என்று அங்கு வரையறுக்கப்படுகிறது. திருப்பித் தர இயலாதவனுக்குக் கொடுப்பது உயர்ந்த அறமாகவும், ஒத்தோர் தம்முள் மாற்றிக்கொள்வது அதனிற் கீழானதாகவும் வைக்கப்படுகின்றன. உடையோரும் இல்லோரும் நிலையாகப் பிரிந்துவிட்ட சமுதாயத்திலேயே இத்தகைய வரையறை தேவைப்படும். பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கு நாழி அளந்து கொடுத்த பெண்களுக்கு அவ்வரையறையில் இடமில்லை.