கணினி அறிவியல் பாடத்திட்டம்: மாறியதும் மாறாததும்

கணினி அறிவியல் என்ற பெயரில் இன்று பலவிதப் படிப்புகள் வந்துவிட்டன. பிள்ளைகளை அவற்றில் சேர்க்கும் முன், இந்தப் பாடத்திட்டம் எப்படி உருவானது என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

1953-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கணினித் துறையில் ஓராண்டு டிப்ளமோவைத் தொடங்கியது. 1962-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலுக்கெனத் தனித்துறை அமைந்தது. எதை, எந்த வரிசையில் கற்பிப்பது என்ற கேள்வி அப்போது எழுந்தது.

அதற்கு விடையாக, ஏ.சி.எம். என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் சங்கம் 1968-ல் 22 பாடங்கள் கொண்ட மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டது. அதில் கணிதத்திற்கு முக்கிய இடம் இருந்தது. 1978-ல் வந்த திருத்தம் புரோகிராம் எழுதும் பயிற்சியை வலியுறுத்தியது. 1991-ல் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கமும் இணைந்து தயாரித்த திட்டத்தில், கணினியின் சமூக விளைவுகளும் தொழில் ஒழுக்கமும் இடம்பெற்றன. 2013-ல் தகவல் பாதுகாப்பு தனிப் பிரிவானது. 2023 பதிப்பில் செயற்கை நுண்ணறிவு அறிஞர்களின் ஏ.ஏ.ஏ.ஐ. சங்கமும் சேர்ந்துகொண்டது.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் டேட்டா ஸ்ட்ரக்சர், டிஸ்கிரீட் கணிதம், கணினியின் உள்ளமைப்பு ஆகியவை 1968 முதல் இன்றுவரை நீடிக்கின்றன.

ஆகவே, படிப்பின் பெயரில் 'ஏ.ஐ.' இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, இந்த அடிப்படைப் பாடங்களுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்ப்போம். இன்று கற்கும் கணினி மொழி நாளை பழசாகலாம். அடிப்படை தெரிந்த பிள்ளை புதியதைத் தானே கற்றுக்கொள்ளும்.